கட்டுமரம் (ஆங்கிலச் சொல்)

கேட்டமரான் என்பது தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொற்களுள் ஒன்றாகும். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லே இதன் மூலம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் உள்ளிட்ட வடசென்னைக் கடற்கரையில் மீனவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய கலம் இது.

சொல்லமைப்பு

கட்டு, மரம் ஆகிய இரண்டும் சேர்ந்த வினைத்தொகை இது. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்திற்கும் பொருந்தும். எடை குறைந்த மரத்துண்டுகளை ஆணியின்றிக் கயிற்றால் பிணைப்பர். அலை மேலே ஏறினாலும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். எனவே இது எளிதில் மூழ்காது. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர்.

ஆங்கிலத்தில் நுழைவு

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இக்கலத்தைக் குறிப்பிட்டுள்ளார். அக்காலச் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரமிட்டன. கொந்தளிப்பான நாட்களில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. அதனால் இச்சொல் ஆங்கிலேயரிடம் பரவியது.

பொருள் மாற்றம்

1804இல் பிரான்சின் புலோன் துறைமுகத்தைத் தாக்க ஆங்கிலேயர் பயன்படுத்திய மிதக்கும் வெடிகலங்களும் இப்பெயர் பெற்றன. 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் இரண்டு உடல்களை இணைத்து அமரில்லிஸ் என்ற பாய்மரப் படகைக் கட்டினார். அதன்பின் இரட்டை உடல் கொண்ட படகு என்பதே ஆங்கிலத்தில் முதன்மைப் பொருளாயிற்று. தமிழ்க் கட்டுமரத்திற்கோ தனித்தனி உடல்கள் இல்லை. பிணைத்துக் கட்டுதல் ஒன்றே இரண்டுக்கும் பொது.

ஒலி ஒப்புமை

ஒலி ஒத்திருப்பது மட்டும் சொல் உறவுக்குச் சான்றாகாது. பணத்தைக் குறிக்கும் கேஷ் என்ற ஆங்கிலச் சொல் காசு என்பதிலிருந்து வந்ததாகப் பலர் கருதுகின்றனர். அது பெட்டி என்று பொருள்படும் இலத்தீன் வழிச் சொல்லாகும். சிறு நாணயத்தைக் குறித்த பழைய கேஷ் என்ற சொல்லே காசு என்பதிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்தது.

இன்றைய நிலை

2004 ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் பெருகியதால் கட்டுமரங்கள் அருகிவிட்டன. கலம் கரையிலிருந்து மறைந்துவரும் நிலையில், அதன் பெயர் மட்டும் வேறொரு படகின் பெயராக உலகெங்கும் வழங்கி வருகிறது.