கேட்க வந்தவர்களும் பார்க்க வருபவர்களும்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக்கு வெளியூரார் அன்று வந்தது கேட்பதற்கு. இன்று வருவது பார்ப்பதற்கு. ஊரின் சுற்றுலாவில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுதான்.

1848 செப்டெம்பரில் ஆங்கில ஆட்சியின் செயலாளர் எமர்சன் டெனன்ட் இங்கே வந்தார். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அப்போதும் கரையில் நின்றது. ஆனால் அவர் இரவில் தோணி ஏறியது ஊரைச் சூழ்ந்த வாவிக்குள்ளிருந்து எழும் இசையைக் கேட்க. தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஓசை பலமடங்கு கூடியதாக எழுதினார். இது ஊரி எனப்படும் நீர்நத்தை எழுப்பும் சத்தம் என்றார்கள் அவரிடம் மீனவர்கள். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு பின்னாலும் ஓயவில்லை. ஊருக்கு மட்டும் ‘மீன்பாடும் தேனாடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1924இல் வாவியின் குறுக்கே கல்லடியில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் அது லேடி மனிங் பாலம். பாட்டுக் கேட்க ஏற்ற இடமும் அதன் அடிதான். கோடைக் காலத்துப் பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைப்பார்கள். 1950களில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார்.

பிறகு வந்தது போர்க்காலம். பாலத்தில் சோதனைச் சாவடி. இருட்டிய பின் வாவியில் இறங்குவதே ஆபத்து. போருக்கு முந்திய 1978 சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் கரையோரத்தை வேறு உலுக்கின. போர் 2009இல் முடிந்ததும் முதலீடு முதலில் ஓடியது வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றரில் உள்ள பாசிக்குடாவுக்கு. நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் கூடாத அந்தக் கடலின் ஓரத்தில் 2011 முதல் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. பயணிகள் பலருக்குப் புளியந்தீவு அரை நாள் ஊர்: கோட்டை, முகத்துவாரத்து வெளிச்சவீடு, கல்லடிக் கடற்கரை, கொஞ்சம் படகுச் சவாரி.

2013இல் ஜப்பானிய உதவியுடன் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே அகன்ற புதுப் பாலம் வந்தது. ஒரு பக்கத்து வண்டிகள் போகும்வரை மறு பக்கம் காத்துக் கிடந்த காலம் போயிற்று. வாவியின் கடலோரப் பக்கமான எழுவான்கரைக்கும் ஊருக்கும் அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டுக்குப் பேர்போன இடத்தின் தலைக்கு மேல் இப்போது இரவிலும் வாகனம் ஓடுகிறது, கீழே இயந்திரப் படகு. போதாக்குறைக்கு, பூரணை நாள் நாடெங்கும் போயா விடுமுறை. வாவி அமைதியாக இருக்க வேண்டிய அதே இரவில்தான் பாலத்தில் கூட்டம் கூடிப் படமெடுக்கிறது.

பாசிக்குடா மாதிரிக் கடல் வேறு தேசங்களிலும் உண்டு. பாடும் வாவி என்று பேரெடுத்த ஊர்கள் மிகச் சில. அதைக் காப்பாற்றப் பெருஞ்செலவும் வேண்டாம். கோடை மாதங்களின் போயா இரவில் சில மணி நேரம் பாலத்தடியில் இயந்திரப் படகுகளை நிறுத்தி, துடுப்புத் தோணிகளை மட்டும் விடலாம்; அந்த வருமானம் மீனவர் கைக்கே போகும். வாவிக்குள் கழிவு விழாமல் பார்ப்பது மாநகர சபையின் கடமை. இதைச் செய்யாவிட்டால் மீன் பாடுவது பெயர்ப்பலகையில் மட்டுமே மிஞ்சும்.