மருத்துவமனைக் கட்டணமும் மறந்துபோன அட்டையும்

நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்துக் காட்டினார் திருவள்ளுவர். நம் காலத்தில் இந்நான்கோடு ஐந்தாவது ஒன்றும் சேர்ந்துவிட்டது. சிகிச்சைக்குரிய பணத்தைச் செலுத்துவது யார் என்னும் கேள்வியே அது. நல்ல மருத்துவரும் நல்ல மருந்தும் கிடைத்தும், கட்டணச் சாளரத்தின் முன் கலங்கி நிற்கும் குடும்பங்கள் எத்தனை!

நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களைக் கட்டியதோடு அந்தச் சமாரியர் நின்றுவிடவில்லை. சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தார். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் உறுதி கூறினார். ஆக, நோயாளி எழுந்து உட்காருமுன்பே அவனுடைய கட்டணத்திற்கு வழி பிறந்துவிட்டது. இன்று மருத்துவக் காப்பீட்டின் வாயிலாக நடைபெறும் ‘கட்டணமில்லாச் சிகிச்சை’ ஏறத்தாழ இத்தகையதே. மக்கள் இதனைக் ‘கேஷ்லெஸ்’ என்று வழங்குகின்றனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சமாரியர் தாமே தேடி வந்தார். காப்பீடோ நாம் அழைத்தால்தான் வரும். அழைக்கத் தெரியாத குடும்பத்திற்கு அது இருந்தும் இல்லாததே.

நோயுற்ற காலத்தில் மருத்துவ உதவியும் பாதுகாப்பும் பெறுவது மனிதனின் உரிமை என்று திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். உரிமையைக் கேட்டுப் பெறுவதில் நாணம் கொள்ள இடமில்லை.

கணினி வழியே நடப்பது என்ன?

நம் நாட்டில் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-ஆம் ஆண்டில் ‘மெடிக்ளெய்ம்’ என்னும் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. அக்காலத்தில் முழுத் தொகையையும் நாமே முதலில் கட்ட வேண்டும். பின்னர் ரசீதுகளை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். கையில் பணம் உள்ளவருக்கே அது பயன்பட்டது. மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் இடையே நின்று பணிபுரியும் ‘டி.பி.ஏ.’ எனப்படும் நிர்வாக நிறுவனங்களுக்கு 2001-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. அதன்பின் மருத்துவமனைக்கே நேராகப் பணம் செல்லும் வழக்கம் பரவியது.

இப்போது மருத்துவமனையில் சேர்ந்தவுடன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் காப்பீட்டு அட்டையையும் ஆதார் அட்டையையும் காட்ட வேண்டும். முன் அனுமதி கோரும் படிவம் ஒன்று தரப்படும். அதில் ஒரு பகுதியை நாமும், நோயின் தன்மை, அது தொடங்கிய காலம், சிகிச்சை முறை, உத்தேசச் செலவு ஆகியவற்றை மருத்துவரும் நிரப்புகின்றனர். மருத்துவமனை அதனைக் கணினி வழியே அனுப்புகிறது. நிறுவனம் ஒரு தொகைக்கு முதல் அனுமதி தருகிறது. வீடு திரும்பும் நாளில் இறுதிப் பட்டியல் மீண்டும் அனுப்பப்பட்டு, இறுதி அனுமதி வருகிறது. காப்பீட்டில் அடங்காத செலவுகளை மட்டும் நாம் கட்டுகிறோம்.

இதற்குக் காலவரம்பும் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, முதல் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திற்குள்ளும், வீடு திரும்புவதற்கான கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்திற்குள்ளும் நிறுவனம் முடிவு கூற வேண்டும். அதன்பின் தாமதித்ததனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதனை நிறுவனமே ஏற்க வேண்டும். சிகிச்சையின்போது நோயாளி இறக்க நேரிட்டால், கோரிக்கையை உடனே முடித்து, உடலைத் தாமதமின்றிக் குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்க வழி செய்ய வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. துயரத்தில் ஆழ்ந்த குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் நலம்.

பெட்டியில் உறங்கிய அட்டை

வசதி குறைந்த குடும்பங்களுக்காகத் தமிழக அரசு 2009 ஜூலையில் தொடங்கிய உயிர் காக்கும் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இது இணைக்கப்பட்டு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்ற நிலை ஏற்பட்டது. 2022-இல் தொடங்கிய கட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.1,20,000 ஆக வைக்கப்பட்டது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்து கொள்வது இதன் முறை.

நாம் அறிந்த கொத்தனார் குடும்பம் ஒன்று இத்திட்டத்தில் பதிவு செய்திருந்தது. ஒருநாள் இரவு குடும்பத் தலைவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் அட்டை ஏதும் உண்டா என்று கேட்டபோது, அவர் மனைவிக்கு விடை தெரியவில்லை. விடியுமுன் அவர் காதிலும் கழுத்திலும் இருந்தவை அடகுக் கடைக்காரர் வீட்டிற்குச் சென்றன. போதாததற்கு வட்டிக்கும் வாங்கினார். கணவர் பிழைத்தார், இறைவனுக்கு நன்றி. மூன்று மாதம் கழித்து, பிள்ளைகளின் புதுநன்மைச் சான்றிதழ்களைத் தேடியபோது, அதே பெட்டியில் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் இத்திட்டம் கட்டணமில்லாச் சிகிச்சைக்கென்றே அமைந்தது. நாமே கட்டிய பணத்தை ரசீது காட்டிப் பின்னர் கேட்கும் முறை இதில் பொதுவாக இல்லை. நோய் நீங்கிய பின்னும் வட்டி நீங்கவில்லை. அந்தத் தாயின் அன்பில் குறையுண்டோ? உழைப்பில் குறையுண்டோ? ஒரு செய்தி அவரைச் சென்று சேரவில்லை, அவ்வளவே.

இத்திட்டம் எல்லா மருத்துவமனைக்கும் எல்லா நோய்க்கும் உரியதன்று என்பதையும் நினைவிற் கொள்க. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருத்தல் வேண்டும். பட்டியலிலுள்ள சிகிச்சையாக இருத்தல் வேண்டும். சிகிச்சைக்கு முன் அனுமதி பெறுதல் வேண்டும். அருகில் எந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறது என்பதை உடல் நலமாக உள்ள நாளிலேயே விசாரித்து வையுங்கள்.

மறைத்தவை வெளிப்படும்

சொந்தமாகப் பணம் கட்டிக் காப்பீடு எடுப்போர் அதிகம் இடறி விழுவது ஓரிடத்தில். விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று எழுதி விடுகின்றனர். உண்மை எழுதினால் தவணைத் தொகை கூடும் என்ற அச்சம் ஒருபுறம்; எதுவும் எழுத வேண்டாம் என்று கூறும் முகவரின் அவசரம் மறுபுறம். பின்னர் மருத்துவமனையில் சேரும்போது, எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் கேட்க, பத்தாண்டு என்று நாமே கூறுகிறோம். அது படிவத்தில் ஏறுகிறது. சில நிமிடங்களில் நிறுவனத்தின் முன் நிற்கிறது. முன்னர் எழுதியதும் இப்போது கூறியதும் முரண்பட்டால் கோரிக்கை மறுக்கப்படுவது இயல்பே.

பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை விண்ணப்பப் படிவத்திற்கும் பொருந்தும் அன்றோ? உண்மையைக் கூறியவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முன்பே இருந்த நோய்க்கு மூன்றாண்டுக்கு மேல் காத்திருக்கச் செய்ய இயலாது. இடைவிடாமல் ஐந்தாண்டு காப்பீட்டைத் தொடர்ந்தவரின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, விவரம் கூறவில்லை என்ற காரணத்தால் மறுக்கவும் இயலாது. எனவே தவணையைத் தவறவிடாது கட்டுவது மிகவும் தேவை.

அறையைத் தெரிவு செய்யுமுன்

இறுதிப் பட்டியலில் தொகை குறைக்கப்படுவதற்குப் பெருங்காரணம் அறை வாடகை. உங்கள் பாலிசி நாளொன்றுக்கு ரூ.5,000 வாடகை அனுமதிக்கிறது என்க. நீங்கள் ரூ.10,000 அறையில் தங்கினால், எஞ்சிய ஐயாயிரத்தை மட்டும் கட்டினால் போதும் என்று எண்ணி விடாதீர்கள். இத்தகைய வரம்புள்ள பல பாலிசிகளில், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைக்கப்படும். அவை ரூ.80,000 ஆனால், அதில் ரூ.40,000 உங்கள் தலையில் விழும். மருந்து, பரிசோதனைகள், உடலினுள் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றிற்கு இக்குறைப்பு இல்லை. சேருமுன், எனக்கு எவ்வளவு வாடகை வரை அனுமதி உண்டு என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல ஆயிரம் ரூபாயைக் காக்கும்.

கட்டணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி மறுக்கப்பட்டாலும் மனம் தளர வேண்டா. தனியார் பாலிசியில், முதலில் நாமே கட்டிவிட்டுப் பின்னர் கோரும் வழி திறந்தே உள்ளது. மூல ரசீதுகள், மருத்துவர் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம் ஆகியவற்றில் ஒன்றையும் இழக்காதீர்கள். மறுப்பை எழுத்தில் பெற்று, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் விடை வராவிடினும், வந்த விடை நியாயமற்றதாயினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டிற்குள் அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

இன்னோர் எச்சரிக்கை. பணம் வாங்கித் தருவதாகத் தொலைபேசியில் கூறி, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்போருக்கு அதனைக் கூறாதீர்கள். காப்பீட்டுக் காரியங்களை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ, பாலிசியில் அச்சிட்ட எண்ணிலோ மட்டுமே பேசுங்கள்.

இல்லங்களில் செய்ய வேண்டியது

அன்பார்ந்த பெற்றோர்களே, இவ்வாரத்தில் ஒரு மாலை, குடும்ப செபம் முடிந்தபின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களையும் பாலிசியையும் ஒரே உறையில் இடுங்கள். தவணை கட்ட வேண்டிய நாளை உறையின் மேல் எழுதுங்கள். அந்த உறை இருக்கும் இடத்தைக் கணவர் மட்டுமன்றி மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் அறியட்டும். அட்டையிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். திருமுழுக்குப் பெயர் ஒன்றில், வீட்டுப் பெயர் மற்றொன்றில் என்று இருப்பது நம் குடும்பங்களில் சாதாரணம். அதனைத் திருத்தும் நேரம், நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நிற்கும் நேரமன்று.

அன்பியங்களுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் இதில் பெரும்பணி உண்டு. நோயாளருக்குப் பழமும் ரொட்டியும் கொண்டு செல்கிறோம், நன்று. எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கும், தனித்து வாழும் கைம்பெண்களுக்கும் ஒரு படிவத்தை நிரப்பித் தருவதும், மையம் வரை உடன் செல்வதும் அதற்குச் சற்றும் குறையாத இரக்கச் செயலே. பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் நம் இளைஞர் ஒருவர் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால், ஒரு தெருவிலுள்ள குடும்பங்கள் அத்தனையின் அட்டைகளையும் சரிபார்த்துவிடலாம்.

கணினி எவ்வளவு விரைந்து பணிபுரிந்தாலும், அடிபட்டவன் அருகில் குனிந்து பார்க்க அதற்குத் தெரியாது. அது நம் வேலை. அண்டை வீட்டாரின் கதவைத் தட்டி, உங்கள் அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பதில் அவ்வேலையைத் தொடங்குவோம்.