ஒலிநாடாவிலிருந்து கணிப்பொறிக்கு

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பழைய ஒலிநாடாக்கள் பெட்டியின் அடியில் உறங்குகின்றன. பாட்டியார் பாடிய தாலாட்டு, திருமண வீட்டு நாதசுரம், ஆண்டு விழாவில் ஓர் அன்பர் பாடிய விருத்தம் ஆகிய இவற்றை எக்கடையிலும் விலைக்கு வாங்க இயலாது. நாடா நாளடைவில் நலிவதால், அவற்றைக் கணிப்பொறியில் ஏற்ற அன்பர் பலர் முற்பட்டுள்ளனர். நன்முயற்சியே. ஆயினும், எந்த வடிவம், எத்தனை கிலோபிட் என்று மென்பொருள் வினவும்போது, பெரும்பாலோர் முதலில் கண்ணிற்பட்டதை அழுத்திவிடுகின்றனர்.

பார்சல்களுக்கிடையே பணிபுரியும் எனக்குத் தோன்றும் உவமை இது. படுக்கையைச் சுருட்டி வாரால் இறுகக் கட்டினால் இடம் குறையும். அவிழ்த்தால் தலையணை உட்பட யாவும் மீளும். 2001-இல் வெளிவந்த ஃப்ளாக் வடிவம் அத்தகையது. கோப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கினும் இழப்பு ஏதுமில்லை. எம்பி3 முறையோ, மூட்டையிலிருந்து சிலவற்றை எடுத்தெறிந்துவிட்டுக் கட்டுவது. உரத்த ஒலிக்கருகே மெல்லொலி செவிக்குப் புலப்படாது என்னும் இயல்பை அறிந்து, அம்மெல்லொலியை நீக்கிவிடுகிறது. கெட்டிக்கார முறைதான்; ஆனால் எறிந்தது மீளாது.

குறுந்தட்டின் தரத்தில், விநாடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில், இரு தடங்களில் பதிந்தால், ஒரு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். 128 கிலோபிட் எம்பி3-இல் அதே நிமிடம் ஒரு மெகாபைட்டில் அடங்கும். சொற்பொழிவுக்கு இது தாராளம். கச்சேரிக்குப் போதாது. கஞ்சிராவின் அடிக்குச் சற்று முன்பே மங்கிய கசிவொன்று எழக்கூடும். கைத்தட்டல் நீர் சலசலப்பதுபோல் குழம்பும். 192 அல்லது 256 எனில் இக்குறைகள் பெரிதும் மறையும். மாறும் வீதம் என்னும் வசதி இருப்பின் அதனையே கொள்க. ஆலாபனைக்குக் குறைத்தும் தனி ஆவர்த்தனத்துக்குக் கூட்டியும் அதுவே அளந்து கொடுக்கும்.

128-இல் உள்ள கோப்பை 320 ஆக்கினால் தரம் உயரும் என நம்புவோர் உளர். பருமன்தான் உயரும். எம்பி3 கோப்பை மீண்டும் எம்பி3 ஆக்குந்தோறும் இன்னும் சிறிது தேய்கிறது.

ஆகவே முதற்பதிவை ஃப்ளாக்கில் வைத்து, அதற்கு இரண்டாம் படியொன்றை வேறோர் இல்லத்தில் சேமித்து, கைப்பேசிக்கு வேண்டியவற்றை அதினின்று எடுத்துக்கொள்க. இடத்துக்கு அஞ்ச வேண்டா. 64 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில், சுருக்காமலே, 60 நிமிட நாடாக்கள் ஏறத்தாழ நூறு அடங்கும். பதியும்போது அளவுமானி சிவப்பைத் தொடாதிருக்கட்டும். அங்கே சிதைந்த ஒலியை எந்த வடிவமும் காக்காது. இரைச்சல் நீக்கும் வேலையையும் படியில்தான் செய்க. தாலாட்டின் பின்னே கேட்கும் தொட்டிலின் கிரீச்சொலியும் மென்பொருளுக்கு இரைச்சலே!

பாடியவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுக. குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களை இந்த விடுமுறையிலேயே கேட்டுக்கொள்வது நலம்.