இழந்த முகத்தை மீட்டுத் தரும் அச்சு

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் நம் பெரியோர். அந்தச் சிரசிலும் இன்னார் என்று நம்மை ஊருக்குக் காட்டுவது முகம். முகத்தின் எலும்பு போய்விட்டால் அழகு மட்டுமா போகிறது? மேல்தாடை இல்லாதவர் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வந்துவிடும். பேச்சு குழறும். சோற்றை மெல்ல முடியாது. நாலு பேர் கூடும் இடத்திற்குப் போகவே மனம் கூசும். இத்தகையோருக்கு இன்றைய விஞ்ஞானம் எவ்வாறு கைகொடுக்கிறது என்பதை இப்போது பார்ப்போம்.

2021ஆம் ஆண்டு இந்தியாவில் கொரோனா நோய் கடுமையாகப் பரவியபோது, அதன் பின்னாலேயே கரும்பூஞ்சை என்னும் மற்றொரு நோயும் வந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்திற்குள் 45,000 பேருக்கு மேல் அதற்கு ஆளானதாகவும், அவர்களில் 4,000 பேருக்கு மேல் மாண்டதாகவும் இந்திய அரசு அறிவித்தது. இந்தப் பூஞ்சை வேற்று நாட்டுச் சரக்கு அன்று. மண்ணிலும், மக்கிய இலை தழைகளிலும் எங்கும் இருப்பதுதான். நல்ல உடம்பை அது எளிதில் அண்டாது. இனிப்புநீர் கட்டுக்கடங்காமல் இருப்பவர்களையும், ஸ்டீராய்டு மருந்தினால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையுமே அது பெரும்பாலும் பிடித்தது. மூக்கின் வழியே புகுந்து, இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். இரத்தம் ஓடாத சதையும் எலும்பும் கறுத்து மடியும். மருந்து மட்டும் போதாது. மடிந்த பகுதியை வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும். அதனால் பலர் மேல்தாடையை இழந்தனர். சிலர் கண்ணையும் இழந்தனர்.

உயிர் பிழைத்தாயிற்று. பிறகு பல் கட்டலாம் என்றாலோ, பல்லைத் தாங்க எலும்பு இல்லை. உலோகத்தில் ஒரு தாடை செய்து பொருத்தலாம்தான். ஆனால் யாருடைய அளவுக்குச் செய்வது? நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் ரப்பர் கையுறை செய்வதை எண்ணிப் பாருங்கள். பீங்கானில் கை போன்ற அச்சு வைத்திருப்பார்கள். அதைப் பாலில் முக்கி எடுத்தால் கையுறை உருவாகிறது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று சில அச்சுகள் இருந்தால் ஆயிரமாயிரம் கைகளுக்குப் போதும். ரப்பர் வளைந்து கொடுக்கும். உலோகம் வளைந்து கொடுக்குமா? ஒருவர் முகத்தின் மேடு பள்ளம் இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆகவே, ஆளுக்கு ஒன்றாக, அவரவர் அளவுக்கே செய்தாக வேண்டும். இதற்குத்தான் முப்பரிமாண அச்சு என்னும் முறை உதவுகிறது.

முப்பரிமாணம் என்றால் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவு. புத்தகம் அச்சிடும் இயந்திரம் தாளின் மேல் ஒரே படலமாக மையைப் பதிக்கிறது. இந்த இயந்திரமோ படலத்தின் மேல் படலமாக அடுக்கி ஒரு பொருளையே எழுப்பிவிடுகிறது. சி ரூசாக் கடற்கரையில் நம் பிள்ளைகள் ஈர மணலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கோபுரம் கட்டுகிறார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே வேலைதான். சிற்பி கல்லைச் செதுக்கிக் குறைத்துச் சிலை செய்கிறார். இங்கே கூட்டிக் கூட்டிச் செய்கிறார்கள். அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் ஹல் என்பவர், திரவப் பிசினை ஒளியினால் படலம் படலமாக இறுகச் செய்யும் முறைக்கு 1984இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1986இல் அது அவருக்குக் கிடைத்தது. பின்னர் உலோகத்திலும் இவ்வாறு செய்யும் வழிகள் வந்தன.

முகத்தின் எலும்பை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் நோயாளியின் தலையை ஸ்கேன் எடுக்கிறார்கள். ரொட்டியைத் துண்டு துண்டாக அரிந்து உள்ளே பார்ப்பது போல், தலையின் உட்புறத்தை அது மெல்லிய வெட்டுகளாகக் காட்டும். கணினி அவற்றை ஒன்று சேர்த்து மண்டையோட்டின் முழு உருவத்தையும் தரும். ஒரு பக்கம் போய் மறுபக்கம் நன்றாக இருந்தால், நல்ல பக்கத்தைக் கண்ணாடியில் காண்பதுபோல் திருப்பி, இழந்த பக்கத்தின் வடிவத்தைக் கணிக்கிறார்கள். எங்கே திருகாணி போட எலும்பு மிஞ்சியிருக்கிறது என்பதை மருத்துவரும் பொறியியலாளரும் கூடி முடிவு செய்கிறார்கள்.

அடுத்து, டைட்டேனியம் உலோகத்தின் நுண்ணிய பொடியை, தலைமுடியின் கனத்தைவிட மெல்லிதாக, ஒரு தட்டில் பரப்புகிறார்கள். லேசர் ஒளி வேண்டிய இடத்தில் மட்டும் பொடியை உருக்கி ஒட்டவைக்கும். மேலே மறுபடி பொடி, மறுபடி லேசர். இப்படி நூற்றுக்கணக்கான படலங்கள். முடிவில் ஒட்டாத பொடியை நீக்கினால் உள்ளே தாடை இருக்கும். டைட்டேனியம் எஃகைவிட இலேசானது, துருப்பிடிக்காது, மனித எலும்பு அதனோடு இறுகிச் சேர்ந்துகொள்ளும்.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது ஐ.ஐ.டி. மெட்ராஸ், இப்பணியைக் கையில் எடுத்தது. பேராசிரியர் முருகையன் அமிர்தலிங்கம் குழுவினர், பல் அறுவை மருத்துவர்கள் தொடங்கிய ஸோரியாக்ஸ் என்னும் சென்னை நிறுவனத்துடன் சேர்ந்து, கரும்பூஞ்சையால் முகம் இழந்தவர்களுக்கு இத்தகைய எலும்புகளைச் செய்தனர். 2023இல் இதனை அறிவித்தபோது 50 பேருக்குப் பொருத்தியிருந்தனர். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகத் தருவதே அவர்களின் நோக்கம். காசு உள்ளவனுக்கு மட்டுமே முகம் என்றால் அந்த விஞ்ஞானத்தால் ஏழைக்கு என்ன பயன்?

இம்முறையின் பயன் இதனோடு முடிவதில்லை. நோயாளியின் எலும்பைப் போலவே பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி செய்து, அறுவைக்கு முன்பே மருத்துவர்கள் அதில் ஒத்திகை பார்க்கிறார்கள். எங்கே, எந்தச் சாய்வில் அறுப்பது என்று காட்டும் வழிகாட்டிக் கருவியும் அச்சிடுகிறார்கள். காது கேளாதோர் அணியும் கருவியின் கூடும், செயற்கைக் கைகளும் இம்முறையில் வருகின்றன.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். அச்சிட்ட எலும்பு நோயைத் தீர்க்காது. நோய் முற்றும் நீங்கிய பிறகே அதைப் பொருத்த முடியும். போன கண்பார்வையை அது திருப்பித் தராது. சிறுநீரகத்தையோ இருதயத்தையோ அச்சிட்டு மனிதருக்கு வைக்கும் நிலையும் இன்னும் வரவில்லை. ஆகவே யாரேனும் அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

வந்தபின் வைத்தியம் தேடுவதைவிட வருமுன் காப்பது மேல். நம் லயங்களிலும் தாமான்களிலும் இனிப்புநீர் இல்லாத குடும்பம் அரிது. காலை பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் மாத்திரையை விட்டுவிடுகிறோம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று கிளினிக் தவணையையும் தள்ளிப் போடுகிறோம். அப்படிச் செய்ய வேண்டாம். இனிப்புநீர் உள்ளவருக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ, மூக்கில் கறுத்த சளியோ, கண்ணில் வலியோ, காரணமின்றிப் பல் ஆட்டமோ கண்டால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு நாள் தாமதமும் ஒரு துண்டு எலும்பைக் கொண்டுபோகக் கூடும்.

பெற்றோர்களே, இன்னும் ஒன்று. இந்த எலும்புகளை வடிவமைக்கிறவர்களுக்கு அடிப்படை, நம் பள்ளியில் சொல்லித்தரும் கணிதமும் சித்திரமும் விஞ்ஞானமும்தான். கோணம், பரப்பளவு, கன அளவு என்று உங்கள் பிள்ளை கணக்குப் போடும்போது, இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். ஒருவருடைய முகத்தை மீட்டுத் தருவதற்கும் அதே கணக்குத்தான் உதவுகிறது.