"காங்கிரஸ் செடி"யைத் தின்னும் மெக்சிகோ வண்டு!
எல்லை தாண்டி ஓசூர் பக்கம் வந்த கதை

ஓசூர் சிப்காட்டில் காலி மனை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியது இல்லை. இடுப்பு உயரத்துக்குப் பச்சைச் செடி. அதன் தலையில் அரிசியைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் பூ. இந்தச் செடி தெரிந்தால் அதுதான் காலி மனை!

ரோட்டு ஓரம், ரெயில் பாதை ஓரம், ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம், சுடுகாடு என்று எங்கு பார்த்தாலும் இதே செடி. புத்தகத்தில் இதற்குப் பார்த்தீனியம் என்று பெயர். ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதியில் அந்தப் பெயர் எடுபடாது. கன்னடக்காரர்கள் வைத்த "காங்கிரஸ் கிடா" என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் சொன்னால் காங்கிரஸ் செடி.

ஏன் இந்தப் பெயர்? பூ வெள்ளைத் தொப்பி போல இருப்பதால் என்பார்கள் சிலர். காங்கிரஸ் ஆட்சியில் கப்பலில் வந்த அமெரிக்க கோதுமையோடு வந்து இறங்கியதால் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் டீக்கடைப் பேச்சுதான். ஆனால் செடியின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதைச் சுற்றிய அமெரிக்க நாடுகளும் என்பது நிச்சயம். 1950-களின் நடுவில் புனா நகரில் இது முளைத்திருப்பதைத் தாவர இயல் அறிஞர்கள் கண்டு எழுதினார்கள். அடுத்த 20 வருடத்தில் கர்நாடகம் முழுவதும் பரவிவிட்டது. "இது கேடு தரும் களை" என்று கர்நாடக அரசு 1975-ல் சட்டப்படி அறிவித்தது.

சட்டம் போட்டால் செடி கேட்குமா?

பெர்மிட் இல்லாத சரக்கு!

ஒரு செடி முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரே செடி 15 ஆயிரம் முதல் 25 ஆயிரம் விதை வரை உதிர்க்கும். விதை கடுகை விடச் சின்னது. காற்றில் போகும், மழைத் தண்ணீரில் போகும், மாட்டுக் குளம்பில் ஒட்டிய சேற்றில் போகும். லாரி டயரில் ஒட்டிக்கொண்டு சென்னைக்கும் போகும், சேலத்துக்கும் போகும்.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜூஜூவாடி. இந்த எல்லையில் ராத்திரி பகலாக லாரி ஓடுகிறது. லாரியை நிறுத்திச் சோதனை போடலாம். டயரில் ஒட்டிய மண்ணுக்கு யார் பெர்மிட் கேட்பது?

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். வந்தது, 1980-களில் டைட்டன் வந்தது. புஞ்சைக் காடாக இருந்த இடம் எல்லாம் புல்டோசர் ஓடிச் சமதளம் ஆனது. இந்தச் செடிக்கு வேண்டியதே அதுதான். புல்லும் புதரும் அடர்ந்த இடத்தில் இதன் ஜம்பம் பலிக்காது. மண்ணைக் கிளறிவிட்டுச் சும்மா போட்டால் குடியேறிவிடும். வேலி போட்டு, போர்டு மாட்டி, வருடக் கணக்கில் கட்டடம் கட்டாமல் கிடக்கும் மனையை விட நல்ல நாற்றங்கால் இதற்குக் கிடைக்காது.

சொறி... தும்மல்... மூச்சு இரைப்பு!

"களைதானே, புடுங்கிப் போட்டா போச்சு" என்று வெறுங்கையால் பிடுங்குகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து.

செடி முழுவதும் மெல்லிய ரோமம். அதில் பார்த்தீனின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. சிலருக்கு அது பட்டதும் ஒன்றும் ஆகாது. பத்துத் தடவை பிடுங்கியவருக்குப் பதினோராவது தடவை கை அரிக்கும். அப்புறம் கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பு என்று தடித்துக் கறுத்துப்போகும். உடம்பு ஒரு தடவை இந்தச் செடியைப் பகைத்துக்கொண்டால் பிறகு தொடவே வேண்டாம். காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்தாலே போதும். வயலில் களை எடுக்கும் பெண்களும், ரோட்டு ஓரம் சுத்தம் செய்யும் தொழிலாளர்களும்தான் இதில் அதிகம் சிக்குகிறவர்கள். கூலி வேலைக்குக் கையுறை யார் வாங்கித் தருகிறார்கள்?

பூவின் மகரந்தம் மூக்கில் ஏறினால் அது வேறு கூத்து. பெங்களூரில் ஓயாத தும்மல், மூக்கு ஒழுகலோடு வந்த நோயாளிகளைச் சோதித்து 1991-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 34 பேருக்கு இந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் தூரம் 40 கிலோ மீட்டர். காற்றும் ஒன்று, செடியும் ஒன்று.

மாடு இதைத் தொடாது. வேறு மேய்ச்சலே இல்லாமல் வயிற்றுக்குத் தின்றுவிட்டால் பால் கசக்கும்.

வந்தது வண்டு!

வெட்டினார்கள், தழைந்தது. மருந்து அடித்தார்கள், மழை வந்ததும் மறுபடி முளைத்தது. அப்போதுதான் பெங்களூர் விஞ்ஞானிகள், "பிறந்த ஊரில் இதை அடக்கி வைத்திருப்பது எது?" என்று தேடினார்கள்.

மெக்சிகோவில் இதன் இலையையே தின்று வாழும் வண்டு ஒன்று இருக்கிறது. நெல்மணி நீளம்கூட இல்லை. வெளிர் மஞ்சள் முதுகில் கறுப்புக் கறுப்பாக நெளிகோடு. 1983-ல் அந்த வண்டு பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டது. உடனே வெளியே விட்டுவிடவில்லை. கூண்டில் அடைத்து, பயிர்ச் செடிகள் உள்பட பலவகைச் செடிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பார்த்தீனியத்தைத் தவிர வேறு எதிலும் அது குடும்பம் நடத்தவில்லை. 1984-ல் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் பெங்களூரில் அதை வெளியே விட்டார்கள்.

(அதே காலத்தில் ஏரிகளை மூடிய ஆகாயத் தாமரைக்கும் வெளிநாட்டுக் கூன்வண்டு கொண்டுவந்து பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். அதுவும் பலன் கொடுத்தது. அது தனிக் கதை.)

முதல் மூன்று, நான்கு வருடம் வண்டு இருந்த சுவடே தெரியவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் பார்த்தால் ஏக்கர் கணக்கில் செடிகள் இலை இல்லாமல் குச்சி குச்சியாக நின்றன! பச்சையைத் தின்று தீர்த்த வண்டுகள் கூட்டமாக அடுத்த வயலுக்குப் பறந்தன. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலத்திலும் பரவின. ஓசூருக்கு அதை யாரும் டப்பாவில் அடைத்துக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை.

வண்டு மீது புகார்!

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் கர்நாடக விவசாயிகள் பதறினார்கள். "உங்க வண்டு எங்க சூரியகாந்தியைத் திங்குது!"

விவசாயிக்கு வந்த பயம் நியாயமானது. வெளிநாட்டில் இருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் திருப்பி அழைக்க முடியாது. மத்திய அரசு உண்மை அறியும் குழு அமைத்தது. வண்டு விடுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது.

விஞ்ஞானிகள் சூரியகாந்தி இலையை எடுத்துச் சோதித்தார்கள். விஷயம் வெளியே வந்தது. பக்கத்தில் இருந்த பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் பறந்து சூரியகாந்தி இலையில் படிந்திருந்தது. அந்த வாசனையில் ஏமாந்த வண்டு இலையைக் கடித்திருக்கிறது. 1993-ல் இந்த முடிவு அச்சில் வந்தது. வண்டு தப்பியது.

வண்டு லீவில் போகும் மாதங்கள்

அப்படியானால் ஓசூரில் இன்னும் செடி ஏன் நிற்கிறது?

வண்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். பனிக்காலம் வந்தால் மண்ணுக்குள் புகுந்து தூங்கிவிடும். கோடை மழை பெய்து மண் நனைந்த பிறகுதான் எழுந்து வரும். செடிக்குத் தூக்கம் கிடையாது. எங்காவது குழாய் ஒழுகினால் போதும், ஜனவரியிலும் பூக்கும். கோடை மழையில் முளைத்த செடி வேகமாகப் பூத்து விதையைக் கொட்டும். வண்டு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை வருவதற்கு ஒரு மாதம் ஆகும். படை திரள்வதற்குள் ஆகஸ்டு, செப்டம்பர் வந்துவிடுகிறது.

வருடா வருடம் ஆகஸ்டு 16 முதல் 22 வரை நாடு முழுவதும் பார்த்தீனிய ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. ஜபல்பூரில் இருக்கும் மத்திய களை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஏற்பாடு செய்கிறது. மாணவர்கள் பேனர் பிடித்து ஊர்வலம் போவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஓசூர் பக்கம் அதற்குள் முதல் கும்பல் செடி பூத்து முடிந்திருக்கும். இங்கே அந்த வாரத்தை ஜூனில் வைத்தால்தான் பிரயோஜனம்.

பிடுங்குவதற்கும் நேரம் உண்டு. மழை பெய்து மண் இளகிய மறுநாள், பூ வைப்பதற்கு முன்னால், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியைக் குழியில் போட்டு மக்க வைத்தால் நல்ல எரு. பூத்த செடியை எருக்குழியில் போட்டால் அடுத்த வருடம் ராகிக் கொல்லை முழுவதும் அதுதான். பயிர் இல்லாத தரிசில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்து வெயில் நேரத்தில் அடித்தால் செடி கருகும். பயிர் நிலத்தில் உப்பு கூடாது.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆவாரை, தகரை, துத்தி போன்றவற்றின் விதையைத் தூவினால் அவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தார்வார் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த டாக்டர் எம்.மகாதேவப்பா இந்த வழியைத்தான் வற்புறுத்தினார். தகரை இனத்தைச் சேர்ந்த செடியை வளர்த்து அங்கே ரோட்டு ஓரங்களில் பார்த்தீனியத்தை விரட்டிக் காட்டினார்கள்.

ஓசூர் மனைக்காரர்களில் பலர் வெளியூரில் இருக்கிறார்கள். மனையில் முளைப்பது அவர்கள் கண்ணில் படாது, மகரந்தம் அவர்கள் மூக்கில் ஏறாது. பக்கத்து வீட்டுக்காரன்தான் தும்முகிறான்.

நவம்பர் பிறந்தால் வண்டு மண்ணுக்குள் போய்விடும். மறுபடி அதைப் பார்க்க அடுத்த கோடை மழை வரை காத்திருக்க வேண்டும்.