கீழாநெல்லி: எந்த மண்ணில் பறித்தது?

கெடாவின் சிடாம் கிரி தோட்டங்களில் ஒரு மழை விழுந்தால் போதும், நிரை ஓரமெல்லாம் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் பாட்டிமார் முதலில் தேடுவதும் அதைத்தான். செடி நல்லதுதான். ஆனால் அது நிற்கும் இடத்தில் களைக்கொல்லி மருந்தடித்திருந்தால்?

பலரும் கவனிக்காத ஆபத்து இது. கிளைபோசேட் அடித்த செடி அன்றே வாடாது. சில நாள், சமயத்தில் ஒரு வாரம்கூட பச்சையாகவே நிற்கும். இலை உறிஞ்சி வேர்வரை கொண்டுபோன மருந்தைக் கழுவி எடுக்க முடியாது. அதனால் நிரையோரத்துச் செடி கைவைத்தியத்துக்கு வேண்டாம். சாலையோரத்துச் செடியும் வேண்டாம்.

மருந்தடிப்பவர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. விஷமுறிவு மருந்தே இல்லாத பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியா 2002-ல் தடை அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது. முழுத் தடை வந்ததோ 2020 ஜனவரி 1-ல்தான். மற்ற களைக்கொல்லிகள் இன்றும் தெளிக்கப்படுகின்றன. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி கையுறை, முகமூடி போன்ற பாதுகாப்புப் பொருள்களுக்கு முதலாளி உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருந்தால் உடம்பு கெட்டால் கிளினிக் சீட்டைப் பத்திரப்படுத்தி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் இழப்பீடு கோருங்கள்.

செடி வேண்டுமென்றால் வீட்டிலேயே வளர்க்கலாம். விதை தூசி மாதிரி இருக்கும். காய்ந்த மணலோடு கலந்து தொட்டி மண்ணின் மேல் தூவினால் போதும். மண் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை கெடா வெயிலில் தினமும் தண்ணீர் தெளியுங்கள். இலைகள் உள்ள சிறுகிளையின் அடியில் வரிசையாகத் தொங்கும் காயைப் பாருங்கள்: வழவழப்பாக, சிறு காம்போடு இருந்தால் கீழாநெல்லி. சொரசொரப்பாக, காம்பின்றி ஒட்டியிருந்தால் அது சிவப்பு வகை. சுமார் மூன்று மாதத்தில் பறித்து நிழலில் உலர்த்தலாம். ஓராண்டுக்குள் பட்டுப்போகும் செடி; ஒன்றிரண்டை விதைக்கு விட்டுவிடுங்கள்.

பொடியோ மாத்திரையோ கடையில் வாங்கினால் மேல்உறையில் மால் (MAL) என்ற மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததைத் தொடாதீர்கள்.

காமாலை ஒரு நோயல்ல, அறிகுறி. ஹெபடைடிஸ் கிருமி, பித்தப்பைக் கல், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் எதுவானாலும் கண் மஞ்சளிக்கும். கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி கிருமியை அகற்றுவதாகச் சென்னையின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-ல் லான்செட் இதழில் எழுதியது. பிறகு வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எலிக் காய்ச்சலோ சிறுநீரகத்தையும் பிடிக்கும். அதற்கு உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஆகவே கண் மஞ்சளித்த அன்றே சுங்கை பட்டாணி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து கிளினிக்கிற்கோ போய் இரத்தம் சோதியுங்கள். இனிப்புநீர் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கீழாநெல்லி குடிக்க வேண்டாம். குடித்திருந்தால் எத்தனை நாளாக, எவ்வளவு என்று அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.