கற்றதைக் காத்தல்

கல்வியில் கற்றல் ஒரு பாதி; கற்றதை மறவாது காத்தல் மறு பாதி. ஒரு முறை படித்த பாடம் நெஞ்சில் நிலைத்துவிட்டதென எண்ணுவது மாணாக்கர் பலர்க்கும் நேரும் பிழையாகும். ஜேர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து மறதியை அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவுகிறது. பின்னர் மறதியின் வேகம் தணிகிறது என்பது அவர் கண்ட முடிபு. ஆதலின் மீட்டல் அன்றே தொடங்குதல் வேண்டும். பின்னர் மறுநாள், ஒரு கிழமை, ஒரு திங்கள் என இடைவெளியை நீட்டிச் செல்லுதல் நன்று. பரீட்சைக்கு முந்திய இரவில் ஆறு மணி நேரம் படிப்பதினும், அந்நேரத்தை ஆறு நாள்களுக்குப் பகிர்ந்து படிப்பது மிக்க பயன் தரும்.

மீட்டல் என்பது ஏட்டைப் பன்முறை புரட்டுதல் அன்று. ஏட்டை மூடிவைத்து, நினைவிலிருந்து சொல்லியும் எழுதியும் பார்த்தலே மீட்டலாம். அமெரிக்க அறிஞர் ரோடிகர், கார்பிக்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தோர் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினர். ஒரு கிழமை கழித்து வைத்த சோதனையிலோ, நினைவிலிருந்து எழுதிப் பழகியோரே முந்தினர். படிக்கும்பொழுது தோன்றும் எளிமை மனத்தை ஏமாற்றும் என்பது இதனாற் பெறப்படும்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூற் பொதுப்பாயிரத்தில் இதனையொத்த நெறியொன்றை வகுத்துள்ளார். ஆசிரியரிடம் கேட்பதால் வருவது கால் பங்கே; உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு கால்; பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை என்பது அவர் கணக்கு.

ஊவா மலைத்தோட்ட மாணாக்கர்க்கு இக்கணக்குப் பெரிதும் பொருந்தும். லயத்துச் சிற்றறையில் தனியிடமும் அமைதியும் அரிய. ஆயினும் ஏட்டை மூடி நினைவுகூர்தற்கும், தம்பி தங்கையர்க்குப் பாடஞ் சொல்லுதற்கும், மலைப்பாதையில் நடக்கையில் தோழரை வினாவுதற்கும் பொருட்செலவு இல்லை.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, மண் சரிந்து லயங்களை மூடியது. பல உயிர்கள் மாண்டன. வீட்டிலிருந்த ஏடுகளும் மண்ணுள் மறைந்தன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோ அவ்வாண்டு டிசெம்பரில் நடைபெறவிருந்தது. ஏட்டில் மட்டும் இருந்த பாடம் இத்தகைய வேளையில் ஏட்டோடு போகும். நெஞ்சிலும் தோழர் நாவிலும் இருந்ததே எஞ்சும். அவ்வாறு இடர் நேருங்கால், மாணாக்கர் நால்வர் கூடித் தாம் தாம் நினைவுகூர்வதை எழுதி ஒப்புநோக்கி, ஐயமுற்றதை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்தால், இழந்த குறிப்பேட்டின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். இடர் இல்லாத நாளிலும் இதனினும் சிறந்த மீட்டல் வேறில்லை.